ஊசி பிடித்த கையில் ஏடு கொடுத்தவர்
ஹரியற் வின்சுலோ அம்மையார் (1796 – 1833)

பழைய மாணவி ஒருவர், வைத்தியர்

எமது பழைய மாணவிகள் சங்கத்துக்கு வயது நூறு. நூறு வயதுக்காரிக்கு என்ன பரிசு கொடுப்பது என்று யோசித்தபோது, குடாநாட்டுப் பெண்பிள்ளைகள் அனைவருக்கும் ஒரு வகையில் முதல் ஆசிரியையாக இருந்த ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரலாம் என்று தோன்றியது. அவர் எங்கள் பாடசாலையில் படிப்பித்தவர் அல்லர். எங்கள் பாடசாலை தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே மறைந்தவர். ஆனாலும் யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளை ஒருத்தி புத்தகப் பையோடு படலையைத் திறந்துகொண்டு போகிறாள் என்றால், அந்தப் பாதையில் முதற் கல்லைப் பதித்தவர்களில் அவரும் ஒருவர். அந்தக் கல்லை அவர் பதிக்கக் கருவியாக இருந்தது ஓர் ஊசியும் சிறிது நூலும்.

உடுவில் மகளிர் கல்லூரியின் வரலாறு படித்தவர்களுக்கு ஹரியற் வின்சுலோ என்ற பெயர் புதிதல்ல. மற்றவர்களுக்காக ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

நோர்விச் நகரத்துப் பெண்

ஹரியற் வாட்ஸ்வேர்த் லேத்ரொப் 1796 ஏப்பிரல் 9ஆம் திகதி அமெரிக்காவின் கனெக்ரிக்கற் மாநிலத்தில் நோர்விச் என்னும் ஊரில் பிறந்தார். வசதியும் பக்தியும் உள்ள குடும்பம். அக்காலத்தில் அந்தப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் ஏழெட்டு வயதிலேயே ஊசி பிடிக்கப் பழகுவார்கள். முதலிற் கற்பது குறுக்குத் தையல். நாங்கள் மனையியல் வகுப்பில் 'குறொஸ் ஸ்ரிச்' என்று படித்த அதே தையல்தான். அங்கே அதற்குக் 'குறியிடும் தையல்' என்றும் பெயர் இருந்தது. வீட்டில் உள்ள படுக்கை விரிப்பு, துவாய், தலையணை உறை எல்லாவற்றிலும் உரியவரின் பெயரின் முதலெழுத்தைக் குறுக்குத் தையலால் இட்டு வைப்பது வழக்கம். அதற்குப் பழகுவதற்காகப் பிள்ளை ஒரு லினன் துணியில் அகரவரிசை முழுவதையும், எண்களையும், ஓரத்தில் ஒரு கொடியையும் பூவையும் தைத்து, தன் பெயரையும் வயதையும் கீழே இட்டு முடிப்பாள். எழுத்தும் தையலும் அவளுக்கு ஒன்றாகவே கைவந்தன. அப்படிப்பட்ட மாதிரித் தையல் துணிகளுக்கு நோர்விச் பெயர் பெற்ற ஊர். அவற்றைச் சேகரிப்போர் இன்றும் அவ்வூர்த் துணிகளைத் தனியாகக் கணிக்கிறார்கள். அந்த ஊரில் வளர்ந்த ஹரியற்றுக்கு ஊசி கைவராமல் இருந்திருக்க முடியாது.

இளம் பெண்ணாக இருந்தபோதே ஏழைப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உதவும் வேலைகளில் அவர் ஈடுபட்டார். ஞாயிறு பாடசாலை நடத்தினார். தூரதேசம் சென்று பணிசெய்ய வேண்டும் என்ற எண்ணமும் அப்போதே அவரிடம் வேரூன்றியது. 1819 ஜனவரியில் மைரன் வின்சுலோ என்னும் இளம் போதகரை மணந்தார். அதே ஆண்டு ஜூன் 8ஆம் திகதி பொஸ்ரன் துறைமுகத்திலிருந்து 'இன்டஸ்' என்னும் பாய்க்கப்பலில் இருவரும் புறப்பட்டனர். அதே கப்பலில் ஸ்போல்டிங் தம்பதியரும், பின்னாளில் பெயர் பெற்ற வைத்தியர் ஜோன் ஸ்கடரும் அவர் மனைவியும் வந்தனர். கல்கத்தா வழியாகப் பயணித்து, 1820இன் தொடக்கத்தில் யாழ்ப்பாணம் சேர்ந்தார்கள். அன்றைய பயணம் போய் வருகிற பயணம் அல்ல. தாயையும் தகப்பனையும் இனிக் காண்போம் என்ற எதிர்பார்ப்பு இல்லாமலே ஏற வேண்டிய கப்பல் அது.

அவர்கள் வந்த நேரமும் இக்கட்டானது. 1820இல் பதில் ஆளுநராக இருந்த எட்வேர்ட் பார்ன்ஸ், இனிமேல் அமெரிக்க மிசனரிகள் இலங்கைக்கு வரலாகாது என்று தடுத்துவிட்டார். அந்தத் தடை 1833 வரை நீங்கவில்லை. ஆகவே ஹரியற்றுக்குத் துணையாக அவர் நாட்டிலிருந்து புதிதாக எவரும் வந்து சேராத பதின்மூன்று ஆண்டுகளே யாழ்ப்பாணத்தில் அவர் வாழ்ந்த காலம்.

உடுவில் விறாந்தை

1820ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வின்சுலோ தம்பதியர் உடுவிலில் குடியேறினர். போர்த்துக்கேயர் காலத்துக் கோவிலும் பழைய வீடும் இடிந்த நிலையில் இருந்த வளவு அது. அமெரிக்க மிசன் ஏற்கெனவே தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணி செய்து வந்தது. ஆண்பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப ஊரவர்கள் மெல்ல மெல்ல இணங்கினார்கள். பெண்பிள்ளை என்றதும் கதவு மூடிக்கொண்டது. எழுத்துத் தெரிந்த பெண் என்றாலே ஊர் சந்தேகக் கண்ணோடு பார்த்த காலம். படிப்பு குடும்பப் பெண்ணுக்கு ஆகாது என்பதும், படித்தவளுக்கு மாப்பிள்ளை கிடையாது என்பதும் ஊர் முடிவு.

இங்கேதான் ஊசி வேலை செய்தது. அந்நாளில் நம்மூர்ப் பெண்களிடையே தைத்த உடுப்பு பரவலாக இல்லை. தையல் அவர்கள் வீட்டு வேலைகளில் ஒன்றும் அல்ல. ஆகையால் அது புதுமையாக இருந்தது. அதே நேரம் படிப்பைப் போல அச்சமூட்டவில்லை. ஒரு பிள்ளை சட்டை தைக்கப் பழகினால் யாருக்கு என்ன குறை?

உடுவிலில் வழிவழியாகச் சொல்லி வரும் கதை ஒன்று உண்டு. இரண்டு சிறுமிகள் மிசன் வீட்டருகே வந்து எட்டிப் பார்ப்பதும், யாரும் திரும்பிப் பார்த்தால் ஓடுவதுமாக இருந்தார்களாம். ஹரியற் அவர்களைத் துரத்தவுமில்லை, பிடித்திழுக்கவுமில்லை. துணியும் நூலும் காட்டி மெல்ல மெல்ல விறாந்தைக்கு வரப் பண்ணினார். தையலோடு எழுத்தும் சேர்ந்துகொண்டது. ஒருநாள் மாலை பெருமழையும் காற்றும் பிடித்துக்கொள்ள, பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்ப முடியவில்லை. இரவு அங்கேயே தங்க நேர்ந்தது. பசித்த பிள்ளைகள் அந்த வீட்டுச் சோற்றை உண்டார்கள். அந்நிய வீட்டில், சாதி வரம்புக்கு வெளியே சமைத்த உணவை உண்பது அக்காலத்தில் சிறிய விடயம் அல்ல. ஒருமுறை வரம்பு கடந்தபின், அவர்கள் அங்கேயே தங்கிப் படிப்பதற்கு இருந்த பெரிய தடை விழுந்தது.

இந்தக் கதையை நான் கேட்ட நாளிலிருந்து என் மனத்தில் நிற்பது மழை அல்ல, அதற்கு முன் கழிந்த நாட்கள்தான். ஓடி ஓடித் திரும்பி வரும் பிள்ளைக்காக ஒரு பெண் விறாந்தையில் துணியோடு காத்திருந்த நாட்கள். குறுக்குத் தையல் தைத்தவர்களுக்கு அந்தப் பொறுமை விளங்கும்.

1824: பெண்களுக்கு ஒரு விடுதிப் பாடசாலை

1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை முறைப்படி தொடங்கியது. ஆசியாவிலேயே மிகப் பழைய பெண்கள் விடுதிப் பாடசாலைகளில் ஒன்றாக அது இன்று கணிக்கப்படுகிறது. முந்திய ஆண்டில் வட்டுக்கோட்டைச் செமினரி ஆரம்பமாகியிருந்தது. அங்கே படிக்கும் இளைஞர்களுக்கு ஏற்ற படித்த மனைவியர் வேண்டும் என்பதும் உடுவில் பாடசாலையின் நோக்கங்களில் ஒன்று. பெண்ணின் படிப்பு அவளுக்காகவே என்ற எண்ணம் வர இன்னும் நெடுங்காலம் இருந்தது.

பிள்ளைகளுக்குத் தமிழில் எழுத வாசிக்கவும், கணக்கும், பூகோளமும், வேதபாடமும் கற்பித்தார்கள். சமையல், வீட்டு வேலை, தையல் எல்லாம் அன்றாடப் பாடங்கள். பிள்ளை படிப்பை இடையில் விட்டுப் போகாமல் இருக்க மிசனே ஒரு வழி செய்தது. படித்து முடித்துக் கிறிஸ்தவ மாப்பிள்ளையை மணக்கும் பெண்ணுக்குச் சீதனம் கொடுத்தது. யாழ்ப்பாணத்தில் எந்தப் பூட்டுக்கு எந்தத் திறப்பு என்பதை அவர்கள் விரைவிலேயே கண்டுகொண்டார்கள். அந்தப் பூட்டு இருநூறு ஆண்டுகள் கழிந்தும் முழுதாகக் கழன்று விழவில்லை என்பதையும் நாம் அறிவோம்.

அமெரிக்காவில் பெண்கள் கூடித் துணிகள் தைத்து மிசனுக்குப் பெட்டி பெட்டியாக அனுப்பினார்கள். சில பிள்ளைகளின் செலவைப் பொறுப்பேற்று, தாம் விரும்பிய பெயரை அப்பிள்ளைகளுக்கு இடச் சொன்னார்கள். அதனால் உடுவில் இடாப்பில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அமெரிக்கப் பெயர்களோடு காணப்பட்டார்கள். பெற்ற தாய் வைத்த பெயரை இழப்பதும் அந்தப் படிப்புக்குக் கொடுத்த விலையில் ஒரு பங்கு. மதமாற்றமும் அப்படியே. பின்னாளில் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை நிறுவியதும், 1913இல் மருதனார்மடத்தில் சைவப் பெண்பிள்ளைகளுக்காக இராமநாதன் கல்லூரி எழுந்ததும் அந்த விலையைக் கொடுக்க விரும்பாதவர்களின் மறுமொழி. அம்மையாரை நன்றியோடு நினைக்கும்போது இதையும் மறைக்காமல் நினைக்க வேண்டும். ஆனால் ஒன்று பாருங்கள்: சைவப் பாடசாலையானாலும் வேதப் பாடசாலையானாலும், குடாநாட்டுப் பெண்பிள்ளையின் கையில் ஊசியும் நூலும் தங்கிவிட்டன.

தாயாக அவர் பட்டது

உடுவிலில் ஹரியற் பிள்ளைகள் பெற்றார், சில பிள்ளைகளை அங்கேயே புதைக்கவும் கொடுத்தார். 1821 ஜனவரியில் பிறந்த மூத்த மகன் சாள்ஸ் பத்து வயது தாண்டியதும், படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டான். மிசன் குடும்பங்களில் அது வழக்கமாக இருந்தது. தாய் ஒரு கண்டத்திலும் பிள்ளை இன்னொரு கண்டத்திலும். பயணம் போகும் பிள்ளையின் ஒவ்வோர் உடுப்பிலும் முதலெழுத்தைக் குறுக்குத் தையலால் இட்டு அனுப்புவது அந்நாளைய அமெரிக்கத் தாய்மாரின் பழக்கம். போய்ச் சேர்ந்து நெடுங்காலம் ஆகுமுன்னரே, 1832இல், 11 வயதில், சாள்ஸ் அங்கே இறந்தான்.

1980களிலும் 90களிலும் பிள்ளைகளைக் கொழும்புக்கும் அங்கிருந்து கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பிவிட்டுத் தபாற்காரனின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்திருந்த எங்கள் தாய்மாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வந்த திசை வேறு, போன திசை வேறு. படலையில் நின்ற தாயின் வயிறு ஒன்றுதான்.

அடுத்த ஆண்டு, 1833 ஜனவரி 14ஆம் திகதி, பிரசவத்தின்போது ஹரியற் உயிர் நீத்தார். வயது 36. உடுவில் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ஒரு வைத்தியராக இந்த வரியை என்னால் இலேசாகக் கடந்துபோக முடிவதில்லை. கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஊசிமருந்து அன்று இல்லை. இரத்த வங்கி இல்லை. மயக்க மருந்து இல்லை. கையைக் கழுவிவிட்டுப் பிரசவம் பார்க்க வேண்டும் என்பதையே வைத்திய உலகம் அப்போது அறிந்திருக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த அம்மையாரும் அயலில் குடிசையில் இருந்த பெண்ணும் பேற்று நேரத்தில் ஒரே அளவு ஆபத்தில் இருந்தார்கள். இன்று இலங்கையில் ஓர் இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 30 தாய்மாரே இறக்கிறார்கள். அந்த முப்பதும் குறைய வேண்டியதே. என்றாலும் இந்த நிலைக்கு நாம் வந்ததற்கு ஒரு பெரிய காரணம், மருத்துவமனைகளுக்கு முன்னே பெண்களின் எழுத்தறிவு பரவியது. வாசிக்கத் தெரிந்த தாய் கிளினிக்குக்கு நேரத்தோடு வருகிறாள். நிறையாத மாதத்தில் கால் வீங்கினால் என்ன பொருள் என்று அவளுக்குத் தெரிகிறது. தன் மகள்மாரைப் படிக்க வைக்கிறாள். பிரசவத்தில் இறந்த ஒரு பெண் தொடக்கி வைத்த வேலை, பின்னாளில் ஆயிரமாயிரம் பெண்களைப் பிரசவத்தில் சாகாமல் காத்தது என்று சொன்னால் அது மிகை அல்ல.

அவருக்குப் பின்

அவருக்குப் பிறகு ஸ்போல்டிங் தம்பதியர் உடுவிலைப் பொறுப்பேற்று ஏறத்தாழ 40 ஆண்டுகள் அங்கே வாழ்ந்தனர். ஹரியற்றின் தங்கைமாரும் ஒருவர் பின் ஒருவராக மிசன் பணிக்கு வந்தார்கள். அவர்களில் திருமதி பெரி என்பவரும் அவர் கணவரும் 1837 மார்ச்சில் வாந்திபேதி கண்டு சில நாள் இடைவெளியில் இறந்தனர். 1840இல் வந்த எலிசா அக்னியூ அம்மையார் 1879 வரை ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பாமல் உடுவிலில் படிப்பித்தார். தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறை அவரிடம் படித்தது. ஆயிரம் புதல்வியரின் தாய் என்று பெயர் பெற்று, 1883இல் மானிப்பாயில் மறைந்தார்.

மைரன் வின்சுலோ பின்பு சென்னைக்குச் சென்றார். 1862இல் அவர் வெளியிட்ட தமிழ்–ஆங்கில அகராதி இன்றும் ஆய்வாளர் மேசையில் இருக்கிறது. 1829இல் பிறந்த மகள், தாயின் பெயரையே கொண்ட ஹரியற், டலஸ் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். 1953 முதல் 1959 வரை அமெரிக்காவின் இராசாங்கச் செயலாளராக இருந்த ஜோன் பொஸ்ரர் டலஸ் அந்த மகளின் பேரன். உடுவில் விறாந்தையில் துணியோடு காத்திருந்த அம்மையாரின் பூட்டப்பிள்ளை.

எங்கள் கையில் வந்த ஊசி

எங்கள் காலத்துக்கு வருவோம். 1990களின் தொடக்கத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் நூலும் இல்லை. அங்கர் நூற்கட்டு ஒன்று கிடைத்தால் நாலு பிள்ளைகள் பங்கிடுவோம். பழைய சேலைக் கரையிலிருந்து நூல் உருவித் தைத்தவர்களும் உண்டு. ஆறு இழையைப் பிரித்து இரண்டிரண்டாகக் கோர்க்க வேண்டும். மேலே வரும் கோடு எல்லாப் பெருக்கற் குறியிலும் ஒரே பக்கம் சரிய வேண்டும். பின்பக்கத்தில் முடிச்சு இருக்கக் கூடாது. எங்கள் தையல் ரீச்சர் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். துணியைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் புள்ளி போடுவார்.

1995இன் முற்பகுதியில் என் அம்மம்மாவுக்கு எண்பது வயது நிறைந்தது. கடையில் வாங்கிக் கொடுக்க எதுவும் இல்லாதபடியால், போத்தல் விளக்கு வெளிச்சத்தில் மேசை விரிப்பு ஒன்று தைத்தேன். நடுவில் 'அம்மம்மா' என்று எழுத்து. கணக்குக் கொப்பியின் சதுரங்களில் வரைந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, 'ம' சதுரத்துக்கென்றே பிறந்த எழுத்து. 'அ' வளைந்து சுழித்துப் பன்னிரண்டு கட்டத்துக்குள்ளும் அடங்க மறுத்தது. அதே ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழுந்து நடந்தபோது, அம்மம்மா காணி உறுதியையும் எங்கள் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களையும் அந்த விரிப்பிலே சுற்றி மடியில் வைத்துக்கொண்டு செம்மணியைக் கடந்தார். விட்டுவந்த வீட்டிலிருந்த வேறு தையல்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. ஊசி பிடிக்கப் பழகிய கை மிஞ்சியது. மருத்துவ பீடத்தில் முதன்முதலாகக் காயம் தைக்கக் கொடுத்தபோது, இழுக்கும் அளவும் விடும் அளவும் அந்தக் கைக்கு முன்பே தெரிந்திருந்தது.

தோழியரே, உங்கள் வீட்டில் யாருக்கோ அறுபதோ எழுபத்தைந்தோ எண்பதோ வரப்போகிறது. ரொறன்ரோவில் மண்டபம் எடுத்துக் கேக் வெட்டுவதும் நல்லதுதான். அதோடு ஒரு துணியும் தைத்துக் கொடுங்கள். அங்குலத்துக்குப் 14 தையல் விழும் துணியில், பத்தங்குலச் சதுரம் முழுவதையும் நிரப்ப 19,600 தையல் வேண்டும். மணிக்கு நூறு தையல் போட்டால் ஏறத்தாழ 200 மணித்தியாலம். பாதி இடத்தை வெறுமையாக விட்டால் நூறு மணித்தியாலம். ஆகவே பிறந்தநாளுக்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். துணியின் நடுவை மடித்துக் கண்டுபிடித்து அங்கிருந்து ஆரம்பியுங்கள். நாற்பது தாண்டியவர்கள் வாசிப்புக் கண்ணாடியைப் போட வெட்கப்பட வேண்டாம். வலக்கைக்காரருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரட்டும். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தித் தூரத்து மரத்தைப் பாருங்கள், கழுத்தும் கண்ணும் உங்களை வாழ்த்தும். முக்கியமாக, பெயரையும் ஆண்டையும் மூலையில் தைக்க மறக்காதீர்கள். தைத்தவள் யார் என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள்.

உங்களிடம் பாடசாலைக் காலத்துத் தையல் அல்பமோ, தலையணை உறையோ, மேசை விரிப்போ இன்னும் இருந்தால் அதைத் துவைத்து நிழலில் உலர்த்தி, அமிலமில்லாத தாளில் சுருட்டி வையுங்கள். மடித்தால் மடிப்பு வழியே துணி இற்றுப்போகும். போரும் இடப்பெயர்வும் தின்றது போக மிஞ்சியவை அவை. எங்கள் படிப்பின் முதற் பக்கம் தாளில் எழுதப்பட்டது அல்ல, துணியில் எழுதப்பட்டது என்பதற்கு அவையே சாட்சி.